காருக்கும் வாசலுக்கும் இடையில்

ஆளைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும் என்று ஒரு நினைப்பு இருந்தது. சும்மா வந்த நினைப்பு இல்லை. அரசாங்க பஸ்ஸில் இருபத்தெட்டு வருடம் கொண்டக்டராக நின்றவன் நான். அக்கரைப்பற்றிலிருந்து மட்டக்களப்பு வரைக்கும் சனத்தின் முகத்தையும் காலையும் பார்ப்பதுதான் வேலை. மீசை அரும்பத் தொடங்கிய மகனை மடியில் குறுக்கி இருத்திக்கொண்டு அரை டிக்கெட் கேட்கும் உம்மாமாரைப் பிடித்திருக்கிறேன். நித்திரை கொள்வதுபோல் கண்ணை மூடிக்கொண்டு டிக்கெட் எடுக்காமல் போகப் பார்ப்பவர்களையும் பிடித்திருக்கிறேன். கள்ள நித்திரைக்காரனின் கால் பெருவிரல் அசையும். உண்மையாகத் தூங்குகிறவனின் செருப்பு காலைவிட்டுக் கழன்றிருக்கும். இதையெல்லாம் எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தரமாட்டார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கண்ணை எங்கே கொண்டுபோய் வைப்பது? பள்ளிவாசலுக்கு முன்னால் வைத்தேன்.

எங்கள் பள்ளி கல்முனைக்குடியில், பெரிய ரோட்டின் ஓரத்தில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணி தாண்டினால் மோட்டார் சைக்கிளும் ஆட்டோவும் காரும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத குறை. மட்டக்களப்பு பஸ் வந்து நின்று ஹோர்ன் அடித்தால் உள்ளே பிரசங்கம் செய்யும் கதீபின் பயான் யாருக்கும் கேட்காது. வாகனங்களை ஒழுங்குபடுத்த ஆள் வேண்டும் என்று நிர்வாகம் சொன்னபோது நான்தான் முதலில் கையை உயர்த்தினேன். தொண்டை இருக்கிறது, விசில் இருக்கிறது, இருபத்தெட்டு வருட அனுபவம் இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

வாசலுக்கு மிகப் பக்கத்தில் ஒரு வாகனம் நிற்கும் இடத்தை உடம்புக்கு ஏலாதவர்களுக்கு ஒதுக்க வேண்டும் என்று கூட்டத்தில் சொன்னவனும் நான்தான். நீரிழிவு என்னும் சீனி வருத்தத்தால் ஒரு காலை எடுத்த மீன் வியாபாரி ஒருவர் இருக்கிறார். அவருடைய ஆட்டோவை ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டு, அவரை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வருவார்கள். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. நிர்வாகம் ஒத்துக்கொண்டது. பெயின்டர் ஒருவர் வந்து நிலத்தில் மஞ்சள் கோடு போட்டு, சுவரில் சக்கர நாற்காலி ஒன்றை வரைந்தார். அது ஐஸ்கிரீம் விற்கும் சைக்கிள் மாதிரி வந்துவிட்டது. அதனால் கீழே எழுத்திலும் எழுதச் சொன்னேன்: ஏலாதவர்களின் வாகனத்துக்கு மட்டும். மண் நிரப்பிய நீலப் பெரல் ஒன்றைக் குறுக்கே வைத்தோம். அந்தப் பெரலை நகர்த்தும் அதிகாரம் என்னிடம் இருந்தது. சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அந்தப் பெரலைத் தொடும்போதெல்லாம் எனக்குள் பள்ளியை ஆளும் ஒரு சின்ன மரைக்காயர் எழுந்து உட்கார்ந்துகொள்வார்.

அந்த இடத்தில்தான் வெள்ளி நிறச் சின்னக் கார் ஒன்று வந்து நிற்கத் தொடங்கியது.

முதல் வெள்ளிக்கிழமை நான் ரோட்டின் மறுபக்கம் ஒரு வேன்காரனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் பெரல் ஓரமாக நிற்கிறது, கார் உள்ளே நிற்கிறது. காரிலிருந்து முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு மனிதர் இறங்கினார். நல்ல உயரம், தேய்த்த வெள்ளை சேர்ட், ஒழுங்காக வெட்டிய தாடி. காரைப் பூட்டிவிட்டு நேராக நடந்து வாசலுக்குள் போனார். நொண்டவில்லை, எதையும் பிடிக்கவில்லை, மூச்சு வாங்கவில்லை. காருக்கும் வாசலுக்கும் இடையில் இருபது காலடி இருக்கும். அந்த இருபது காலடியையும் நான் எண்ணாத குறையாகப் பார்த்தேன். தொழுகை முடிந்து இமாம் சலாம் கொடுத்த மறுநிமிடம், பின்னால் தொழும் சுன்னத்துத் தொழுகையைத் தொழாமல், துஆவுக்கும் நிற்காமல் முதல் ஆளாக வெளியே வந்து காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இரண்டாவது கிழமையும் அப்படித்தான். மூன்றாவது கிழமை அவருக்குக் கேட்கும்படி இருமினேன். அவர் சலாம் சொல்லிவிட்டுப் போனார். ஊர் ஆளும் இல்லை, தெரிந்த முகமும் இல்லை. கல்முனையில் எங்கோ வேலை செய்கிற, வெயிலில் நடக்க விருப்பமில்லாத பெரிய மனிதர் என்று முடிவு கட்டிவிட்டேன். காலை எடுத்த மனிதரின் இடத்தில் காரை வைத்துவிட்டு, மூன்று நிமிடம் துஆக் கேட்கவும் பொறுமையில்லாமல் ஓடுகிறாரே என்று எனக்கு வயிறு எரிந்தது. இதில் ஒரு வேடிக்கை, அந்த மீன் வியாபாரி இரண்டு மாதமாகத் திருகோணமலையில் மகளின் வீட்டில் இருந்தார். இடம் வெறுமையாகத்தான் கிடந்தது. கோபத்துக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரிவதில்லை.

நான்காவது வெள்ளிக்கிழமை பெரலுக்குப் பக்கத்திலேயே நின்றேன். கார் வந்து நின்றது. கண்ணாடியை இறக்கினார்.

"என்ன தம்பி, எழுத்து வாசிக்கத் தெரியாதா? படமாவது வெளங்குதா?" என்றேன்.

"ஓம் காக்கா, தெரியும். எனக்கு உள்ளுக்க..."

நான் எங்கே முடிக்க விட்டேன்! "நாலு கெழமையா நான் பாக்கிறன். ரெண்டு காலும் குதிரைக் கால் மாதிரி இரிக்கி. ஏலாதாக்கள்ற எடத்தப் பறிச்சிட்டு அல்லாஹ்ட முன்னால போய் நிக்க வெட்கமில்லயா?"

தொண்டை பஸ்ஸில் பழகிய தொண்டை. கடைசி சீட் வரைக்கும் கேட்கும். தொழுகைக்காகக் கை கால் கழுவி வுழூச் செய்துகொண்டு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என்னோடு நின்ற தேத்தண்ணிக் கடைக்காரர், "கொண்டக்டர் காக்காட்டயா இந்தச் சுத்துமாத்து?" என்று சொல்லிச் சிரித்தார். இன்னும் இரண்டு பேர் சேர்ந்து சிரித்தார்கள்.

காருக்குள் இருந்தவரின் கை ஸ்டியரிங்குக்கு முன்னால் கிடந்த எதையோ எடுக்கப் போனது. பிறகு எடுக்காமல் திரும்பி வந்தது. என்னை ஒருதரம் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு ஞாபகம் இருந்திருக்காது. காரைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டு போனார். அந்த நேரம் உள்ளே இரண்டாவது பாங்கு சொல்லத் தொடங்கியிருந்தது.

அன்றைக்குப் பகல் எனக்குச் சோறு நன்றாக இறங்கியது. மனைவியிடம் நடந்ததை நடித்துக் காட்டினேன்.

"பாவம், அந்த மனிசனுக்கு என்னவோ இரிந்திரிக்கும்" என்றாள்.

"ஒனக்கு உலகம் தெரியா" என்றேன்.

அதற்கு ஒன்றரை மாதத்துக்குப் பிறகு, கட்டாரில் இருக்கும் எங்கள் மகன் எனக்கும் மனைவிக்கும் உம்றாவுக்கு ஏற்பாடு செய்தான். எங்கள் பக்கத்தில் மக்காவுக்குப் போகிறவர்கள் புறப்படுவதற்கு முன் வீடு வீடாகப் போய்ப் பொருத்தம் கேட்பார்கள். பேசியது, ஏசியது, நம்மை அறியாமல் செய்தது ஏதாவது இருந்தால் அல்லாஹ்வுக்காகப் பொருந்திக்கொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டும். அல்லாஹ்வுக்குச் செய்த பிழையை அல்லாஹ் மன்னிப்பான், மனிதனுக்குச் செய்ததை அந்த மனிதன்தான் மன்னிக்க வேண்டும் என்பது சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த பேச்சு. அந்தப் பாரத்தோடு கஃபாவுக்கு முன்னால் போய் நின்று என்னத்தைக் கேட்பது?

"ஊர்ல பாதிப் பேரோட ஒங்களுக்குச் சண்ட. எல்லார்ட்டயும் பொருத்தம் கேட்டு முடிய விசா முடிஞ்சிரும்" என்றாள் மனைவி.

அவள் சொன்ன அளவுக்கு மோசமாகப் போகவில்லை. வேலித் தகராறில் ஒன்பது வருடம் பேசாமல் இருந்த மச்சான்கூடக் கதவைத் திறந்து, "பொருந்திட்டன் மச்சான், நீங்களும் பொருந்திக்கோங்க" என்று கட்டிப் பிடித்துத் தேத்தண்ணி தந்தார். போகிற இடமெல்லாம் இதே வசனம், இதே தேத்தண்ணி. மூன்று நாளில் எனக்கு நெஞ்செரிவு வந்துவிட்டது. மன்னிப்பு என்பது இவ்வளவு சுலபமா என்று உள்ளுக்குள் ஒரு பெருமையும் வந்தது.

கடைசியாகப் பள்ளி மோதினாரிடம் போனேன். பாங்கு சொல்வது, பள்ளியைக் கூட்டுவது, தண்ணீர் பார்ப்பது எல்லாம் அவர்தான். மெதுவாகப் பேசும் மனிதர். நான் வசனத்தைச் சொன்னேன். அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சொன்னார்:

"எனக்கும் ஒங்களுக்கும் ஒண்டுமில்ல காக்கா. நீங்க அந்த வெள்ளிக் கார்த் தம்பிட்டப் பொருத்தம் கேட்டீங்களா?"

"அவன்ட்ட என்னத்துக்கு?"

"அந்த எடத்தில கார வெக்கச் சொன்னது நான்தான். மொத நாளே எனக்கிட்ட வந்து கேட்டார். பெரலத் தள்ளி விட்டதும் நான்தான். அவருக்கு உள்ளுக்குள்ள வருத்தம், வெளியால தெரியா. வுழூச் சுத்தம் ஒரு தொழுகைக்கு மேல நிக்காது. வாசல்ல எறங்கி, உடன வுழூ எடுத்து, கடைசி வரிச ஸஃப்புல கதிரையில இருந்து தொழுதிட்டு உடன போகணும். அதுக்கு மேல அவர் சொன்னது அமானிதம், ஒங்களுக்கிட்டயும் சொல்ல மாட்டன்."

"எனக்கு ஏன் அப்பவே சொல்லல்ல?"

"ஆருக்கும் தெரிய வேணாம் எண்டுதான் அவர் கேட்டார். நீங்க ஏசின அண்டைக்கு நான் உள்ளுக்க மிம்பர் மேடைக்குப் பக்கத்தில பாங்கு சொல்லிட்டு நிண்டன். தொழுது வந்த பொறகுதான் கேள்விப்பட்டன். அண்டையிலரிந்து அவர் வாறல்ல."

அவர் உட்கார்ந்து தொழும் கதிரையை நான் பார்த்திருக்கவே இல்லை. வாகனங்களை விட்டுவிட்டுக் கடைசி ஆளாக உள்ளே ஓடி, கதவோரம் கிடைத்த இடத்தில் நின்று தொழுகிறவன் நான். அந்த மனிதரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் காருக்கும் வாசலுக்கும் இடையிலுள்ள அந்த இருபது காலடி மட்டும்தான். அதை வைத்துத்தான் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். ஒரு மனிதனைப் பள்ளிவாசலிலிருந்து விரட்டியிருக்கிறேன், அதுவும் பாங்கு சொல்லும் நேரத்தில். பேர் தெரியாது, ஊர் தெரியாது. "தெற்குப் பக்கத்து ஆள் எண்டு மட்டும் சொன்னார்" என்பதுதான் மோதினாரின் தகவல். பயணத்துக்கு இருபத்தொரு நாள் இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை விசிலைத் தேத்தண்ணிக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டுச் சாய்ந்தமருதுக்குப் போனேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நடக்கும் ஒவ்வொரு பள்ளிக்கு முன்னாலும் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, நிற்கிற கார்களையெல்லாம் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். வெள்ளி நிறக் கார் ஊர் முழுக்க நிறைந்து கிடக்கிறது, அதற்கு முன் அது என் கண்ணில் பட்டதே இல்லை. ஒரு காரின் கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒருவர் தோளில் கை வைத்தார்.

"என்ன காக்கா, கார் வாங்கவா, களவெடுக்கவா?"

வாகனம் பார்க்க நிற்கிறவர். கையில் விசில், முகத்தில் என்னுடைய அதே பார்வை. என் கால் பெருவிரலைப் பார்த்திருப்பாரோ என்னவோ! தெரிந்தவரின் காரைத் தேடுகிறேன் என்றேன். "தெரிஞ்சவர்ற பேரென்ன?" என்று கேட்டார். நான் மோட்டார் சைக்கிளைக் கிளப்பினேன். அங்கிருந்து நான் வந்த வேகத்தைப் பார்த்திருந்தால் யாரும் என்னைக் கள்ளன் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை நிந்தவூர். அங்கேயும் அதே சுற்று, அதே வெயில். ஒரு காரைக் கண்டு ஓடிப் போனால் உள்ளேயிருந்து கர்ப்பிணி மகளைக் கூட்டிவந்த ஒரு வயதான மனிதர் இறங்கினார். அன்றைக்கு எனக்கு ஜும்ஆவே தவறிவிடப் பார்த்தது. கடைசி ரக்அத்தில்தான் சேர்ந்தேன்.

வீட்டுக்கு வந்து சேர்ட்டைக் கழற்றி எறிந்துவிட்டு உட்கார்ந்தேன். மனைவி விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டுச் சொன்னாள்:

"பள்ளியால வெரட்டின மனிசனப் பள்ளியிலயா தேடுற?"

எறிந்த சேர்ட்டை எடுத்து முகத்தைத் துடைத்தேன்.

"வருத்தக்கார மனிசன் எங்க போவார்? கிளினிக்குக்குத்தான் போவார். அங்க போய் நில்லுங்க."

உலகம் தெரியாதவள் சொன்னாள், உலகம் தெரிந்தவன் கேட்டுக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலையில் கல்முனை ஆஸ்பத்திரிக்குப் போய் வாகனம் நிறுத்தும் இடத்துக்கு எதிரே, வேப்ப மரத்துக்குக் கீழே இருந்த வாங்கில் உட்கார்ந்தேன். அன்றைக்கு அவர் வரவில்லை. செவ்வாய்க்கிழமையும் போனேன். போகிற வருகிற சனத்தைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. கையில் வருத்தமும் மருந்தும் எழுதிய கிளினிக் கொப்பியோடு எத்தனை பேர்! நல்ல நிறமும் தசையுமாக, சிரித்துப் பேசிக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிக்கொண்டு. பஸ்ஸில் ஏறியிருந்தால் ஒருவரையும் நான் நோயாளி என்று நம்பியிருக்க மாட்டேன்.

அப்போதுதான் அந்தப் பெண்ணின் ஞாபகம் வந்தது. பல வருடங்களுக்கு முன், காரைதீவுச் சந்தியில் ஏறியவள். மஞ்சள் சாரி உடுத்திருந்தாள். கர்ப்பிணித் தாய்மாருக்கு என்று எழுதிய சீட்டில் போய் உட்கார்ந்தாள். வயிறு தட்டையாக இருந்தது. "எழும்புங்க தங்கச்சி, எழுத்துத் தெரியுதுதானே?" என்றேன். என்னவோ சொல்ல வந்தாள். சுற்றி ஆம்பிளைகள் நின்றார்கள், சொல்லாமல் எழும்பிவிட்டாள். மட்டக்களப்பு வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பிள்ளை வயிற்றில் தங்கி இரண்டு மாதத்தில் வயிறு தெரியாது என்பது நாலு பிள்ளைக்கு வாப்பாவான எனக்குத் தெரியாமலா இருந்தது? இவளிடம் எந்த வீட்டுக்குப் போய்ப் பொருத்தம் கேட்பது? அந்த வாங்கில் இருந்து நான் அழுதேன். ஆஸ்பத்திரி வாசலில் அழுகிற கிழவனை யாரும் ஏன் என்று கேட்பதில்லை, அது ஒரு வசதி.

புதன்கிழமை ஒன்பது மணிக்கு வெள்ளிக் கார் வந்தது.

காரிலிருந்து அவர் இறங்கினார். அதே உயரம், அதே தேய்த்த சேர்ட். கதவைச் சாத்திவிட்டு நேராக நடந்தார். நான் இங்கே ஒன்றை மறைக்கக் கூடாது. அவரைத் தேடி அலைந்து, அழுது, இரண்டு நாள் வாங்கில் தவம் கிடந்த எனக்கு, அவரைக் கண்டவுடன் முதலில் வந்த நினைப்பு, 'நல்லாத்தானே நடக்கான்' என்பதுதான். நாய் வாலை நிமிர்த்த முடியாது என்பார்கள், என் கண்ணும் அந்தச் சாதி.

"தம்பி!" என்று கூப்பிட்டேன். தொண்டையைக் குறைக்க மறந்துவிட்டேன். அது பஸ்ஸுக்குள் கூப்பிட்ட மாதிரி வந்துவிட்டது.

அவர் திரும்பினார். என்னைக் கண்டார். முகம் வெளுத்துப்போனது. "எடுக்கிறன் காக்கா, எடுக்கிறன்" என்று சொல்லிக்கொண்டே காரை நோக்கித் திரும்பி, சாவியைச் சட்டைப் பையில் தேடினார். சாவி கீழே விழுந்தது. குனிந்து எடுக்கும்போது ஒரு கையை வயிற்றில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு, மெல்ல, மிக மெல்லத்தான் அவரால் குனிய முடிந்தது. நான் ஓடிப் போய்ச் சாவியை எடுத்துக் கொடுத்தேன்.

இங்கேயும் காரை எடுக்கச் சொல்லத்தான் நான் வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். ஆஸ்பத்திரி வாசலில்கூட.

"இல்ல தம்பி. நான் அதுக்கு வரல்ல. நான்..." இருபது வீட்டில் சொல்லித் தேய்ந்த வசனம், அந்த இடத்தில் வாயில் வரவில்லை. "நான் அண்டைக்கு ஒங்களப் பேசினது பெரிய பிழை. மோதினார் சொன்னார். என்ன வருத்தம் எண்டு அவர் சொல்லல்ல, நீங்க அந்த எடத்துக்கு உரிய ஆள் எண்டு மட்டும்தான் சொன்னார். வாற சனிக்கிழமை நாங்க உம்றாவுக்குப் போறம். நீங்க பொருந்தாட்டி நான் அங்க போய் என்னெண்டு கை ஏந்துற?"

அவர் காரில் சாய்ந்து நின்றார்.

"அண்டைக்குப் பொறகு நான் ஜும்ஆவுக்குப் போகல்ல காக்கா. வேற பள்ளிக்கிப் போகலாம். அங்கயும் ஆரிட்டயாவது சொல்லணும். பொறகு அவர் இன்னொருத்தருக்குச் சொல்லணும். வெள்ளிக்கெழம வந்தா வீட்ட லுஹர் தொழுதிட்டு இரிந்திருவன்."

"அல்லாஹ்வே" என்றேன்.

"ஒங்களையும் குத்தம் சொல்ல ஏலா. நான் நல்லா நடக்கிறன்தானே. ஆனா காக்கா, நீங்க பாத்ததெல்லாம் நான் எழும்பி நடந்த நாள் மட்டும்தான். ஏலாத நாள்ல நான் வாறல்ல. அத நீங்க பாக்கல்ல."

இதைச் சொல்லும்போது அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. நாலு கிழமை தொடர்ந்து வந்தார் என்றல்லவா நான் கணக்கு வைத்திருந்தேன். அந்த நாலு நாளுக்கும் நடுவில் எத்தனை நாள் படுக்கையில் கிடந்தாரோ, எனக்கென்ன தெரியும்?

பிறகு அவர் கார்க் கதவைத் திறந்தார். ஸ்டியரிங்குக்கு முன்னால் கிடந்த கிளினிக் கொப்பியை எடுத்தார். மடங்கி, ஓரம் நைந்து, பிளாஸ்டிக் உறை போட்ட கொப்பி. அன்றைக்குப் பள்ளிக்கு முன்னால் அவர் கை எடுக்கப் போய் எடுக்காமல் வந்தது இதைத்தான்.

"இதக் கார்லதான் வெச்சிரிக்கன். ஆராவது கேட்டாக் காட்டலாம் எண்டு. இஞ்ச பாருங்க, ஒப்பரேஷன் செஞ்சது, அதுக்குப் பொறகு..." விரல் பக்கங்களைத் திறந்துகொண்டிருந்தது.

நான் அவர் கையைப் பிடித்துக் கொப்பியை மூடினேன்.

"வேணாம் தம்பி. வைங்க."

"இல்ல காக்கா, பாருங்க, ஒங்களுக்குத் தெரியத்தானே வேணும்."

"எனக்குத் தெரிய வேணாம். நீங்க சொன்னாப் போதும்."

இருபத்தெட்டு வருடம் டிக்கெட்டைக் காட்டு என்று நீட்டிய கை இது. காட்ட வந்த ஒன்றைப் பார்க்காமல் விட்டது அன்றைக்குத்தான். அவர் கொப்பியைத் திரும்ப வைத்தார். அப்போது அவர் தோள் கொஞ்சம் இறங்கியதைக் கண்டேன்.

"பொருந்திட்டன் காக்கா" என்றார். "அல்லாஹ்வுக்காகப் பொருந்திட்டன். எனக்கும் அங்க போய் துஆச் செய்ங்க." பிறகு சிரித்தார். "இதுக்கா என்னத் தேடித் திரிஞ்சீங்க?"

சாய்ந்தமருதில் கார்க் கள்ளனாகப் பிடிபடப் பார்த்த கதையைச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வெக்காதீங்க, நோகுது" என்று சொல்லிச் சிரித்தார். எனக்கு நெஞ்சில் மூன்று கிழமையாக ஏறி உட்கார்ந்திருந்த மூட்டை இறங்கிவிட்டது. மோட்டார் சைக்கிளில் வரும்போது காற்று மூக்குக்குள் போவதைக்கூட உணர்ந்தேன். பிரிவதற்கு முன், "வெள்ளிக்கெழம நான் வாசல்ல நிப்பன். எடம் இரிக்கும்" என்று சொல்லியிருந்தேன். அவர் வருவதாகவும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

பயணத்துக்கு முந்திய நாள் அந்த வெள்ளிக்கிழமை. பதினொன்றரைக்கே பெரலுக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டேன். நிர்வாகத்தில் ஒருவர் பெரிய ஜீப்பைக் கொண்டுவந்து, "அஞ்சு நிமிஷம்தானே காக்கா" என்றார். அஞ்சு செக்கனும் இல்லை என்றேன். பயான் தொடங்கியது. கார் வரவில்லை. பொருந்துவது வேறு, திரும்பி வருவது வேறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் பொருந்திவிட்டார், உன் பாரம் இறங்கிவிட்டது, இனி என்ன வேண்டும் என்று கேட்டுப் பார்த்தேன். ஆனால் அவருடைய ஜும்ஆவை நான் பறித்தது பறித்ததுதானே. அது அவருக்குத் திரும்பக் கிடைக்காமல் என் கணக்கு எப்படித் தீரும்?

இரண்டாவது பாங்குக்கு மோதினார் மைக்கைத் தட்டும் சத்தம் கேட்டபோது, ரோட்டில் வெள்ளிக் கார் சிக்னல் போட்டுத் திரும்பியது.

பெரலை நான் இழுத்த வேகத்தில் மண் கொட்டியது. அவர் இறங்கினார், எனக்குச் சலாம் சொன்னார், நேராக நடந்து உள்ளே போனார். அந்த இருபது காலடியில் நான் அவர் காலைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்கச் சிரமப்பட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

தேத்தண்ணிக் கடைக்காரர் என் காதுக்குள் கேட்டார்: "அண்டைக்கு ஏசின ஆள்தானே? இவருக்கு என்ன ஏலாது?"

"எனக்குத் தெரியா" என்றேன். "நான் கேக்கவுமில்ல."

உள்ளே கடைசி ஸஃப்பில் அவருடைய கதிரைக்குப் பக்கத்தில்தான் எனக்கு இடம் கிடைத்தது. இமாம் சலாம் கொடுத்தார். நானும் வலப்பக்கம் திரும்பி, இடப்பக்கம் திரும்பினேன். அவர் எழும்பிவிட்டார். துஆ தொடங்கும்போது வெளியே கார் கிளம்பும் சத்தம் கேட்டது. முன்பெல்லாம் அந்தச் சத்தத்தைக் கேட்டால் எனக்கு வயிறு எரியும். அன்றைக்கு இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு, பின்னால் யாரும் மோட்டார் சைக்கிளைக் குறுக்கே விட்டிருக்கக் கூடாதே, அவருக்கு வழி இருக்க வேண்டுமே என்றுதான் கேட்டேன். சத்தம் நிற்கவில்லை. ரோட்டில் ஏறி, தெற்குப் பக்கமாகப் போய் மறைந்தது.